கைநாட்டு இனி வேண்டாம்

(திருப்பரங்குன்றத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



எனக்கு அப்போது பத்து வயது. கடன் கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் என் தாயார் ஒரு தாளில் பெருவிரலை உருட்டினார். வாங்கியது முந்நூறு ரூபாய். பிற்பாடு அந்தத் தாளை நான் எழுத்துக் கூட்டி வாசித்தபோது அதில் இருந்ததோ எண்ணூறு! என் தாயார் ஒன்றும் பேசவில்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயதில் படித்துக் கலெக்டர் உத்தியோகமா பார்க்கப் போகிறோம்?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். அவர்கள் புதுக்கோட்டைப் பெண்களின் கதையைக் கேட்கட்டும்.

1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்நின்றார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்றனர். பகலெல்லாம் கல் உடைத்த கைகள் இரவில் சிலேட்டுக் குச்சி பிடித்தன. எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஊர் சிரித்தது, ஆண்கள் கேலி பேசினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு நகருக்குள் புகுந்தபோது கேலி செய்தவன் ஒதுங்கி வழிவிட்டான்! பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

குவாரிகளில் என்ன நடந்தது? கண்டிராக்டரிடம் கொத்தடிமையாய்க் கிடந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். லோடு கணக்கு அவர்கள் கைக்கு வந்தது. கண்டிராக்டர்கள் சும்மா இருக்கவில்லை, கெடுக்கப் பார்த்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன்: கலெக்டர் மாறினார், வேகம் தளர்ந்தது, கற்ற எழுத்தை மறந்தவர்களும் உண்டு. சர்க்கார் கொடுத்ததைச் சர்க்கார் நிறுத்தலாம். சங்கம் நடத்தும் வகுப்பை யார் நிறுத்துவது?

ஆலைத் தோழர்களே, உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு பிடிக்கிறார்கள். முதலாளியும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். செலுத்தினாரா? சீட்டை வாசிக்கத் தெரியாதவன் யாரிடம் போய்க் கேட்பான்? மேஸ்திரியிடமா?

இன்னொன்று, கோபிக்காதீர்கள். போன மாதம் இரவு வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒருவர்கூட மனைவி பெயரைக் கொடுக்கவில்லை. "அவள் வந்தால் சோறு யார் ஆக்குவது?" என்கிறார் ஒரு தோழர். நீங்கள் ஆக்குங்கள், தோழரே! உலை வைக்கப் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை.

திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்குச் சங்க அலுவலகத்தில் வகுப்பு தொடங்குகிறது. சிலேட்டு நாங்கள் தருகிறோம். சம்பளச் சீட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள். முதல் பாடம் அதுதான்.