ஊர்ப்பணமும் ஊரார் கணக்காய்வும்

(கேளம்பாக்கத்தில் நிகழ்ந்த பொழிவின் எழுத்துவடிவம்)



கேளம்பாக்கத்து உப்பளத்தில் கூலிக்கு நிற்கும் ஒருவர், தம் ஒருநாட் கூலியில் ஐந்து உருபா குறையினும் அன்றே கேட்பார்; கேளாமல் வீடு திரும்பார். அவரே ஊர்ப்பொதுப்பணத்தில் ஐந்து இலக்கம் குறையினும் வாளா இருக்கின்றார். காரணம் என்னை? அப்பணம் தம்முடையது என்னும் எண்ணம் அவருக்கு ஊட்டப்படவில்லை. ‘அரசுப் பணம்’ என்று ஒரு சொல்லைப் பழக்கிவிட்டனர். அரசுக்கென்று பணம் விளையும் வயல் எங்கேனும் உண்டோ? தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்துகின்றார். அவ்வரி நடுவணரசுக்கும் மாநில அரசுக்குமாகப் பிரிந்து, நிதிக்குழுக்களின் பரிந்துரைவழி ஒரு பங்கு ஊராட்சிக்குத் திரும்புகின்றது; வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும் அதனோடு சேர்கின்றன. மூவர் கைபடும் கலத்தில் எக்கை எவ்வளவு அள்ளிற்று எனக் காண்டல் அரிது. அஃது எளிதாகும் வழியே கணக்காய்வு.

தணிக்கை என்று வழங்கும் சொல் அரபுமொழி வழி வந்தது. கணக்காய்வு என்னும் நல்ல தமிழ்ச்சொல் ஈழத்தில் அரசு வழக்காகவே நிலவுகின்றது. இங்கோ சொல்லும் அயலதாயிற்று, செயலும் அயலாரதாயிற்று!

ஆயினும் இம்மண் கணக்காய்வை அறியாத மண் அன்று. 2019 வரை இவ்வூரோடு ஒரே மாவட்டத்தில் இருந்தது உத்தரமேரூர். ஆங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919 ஆம் ஆண்டினது. மற்றொன்று 921 ஆம் ஆண்டினது. முப்பது குடும்புகளினின்றும் குடவோலையால் ஆட்களைத் தேர்ந்து ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியன அமைத்ததைப் பலரும் மேடைதோறும் முழக்குவர். ஓலையெடுத்த கதையோடு நின்றுவிடுவர். அதனினும் கூர்மையான பகுதி கணக்கைப் பற்றியது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடத்தில் பெயரிடப்பெறான். அவன் மட்டுமோ? தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், தந்தை, மகன் என அவன் உறவு முழுதும் விலக்கப்பட்டது. தன் பெயரை மறைத்து மைத்துனன் பெயரில் பதவிக்கு வரும் வித்தையை அக்காலத்தார் முன்னரே அறிந்திருந்தனர் போலும்! வாரியப் பொறுப்பு முந்நூற்றறுபது நாள். கடந்த மூன்றாண்டில் பொறுப்பிலிருந்தவரும் நீக்கப்பட்டனர். கணக்கெழுதுவோன் தான் எழுதிய கணக்கைத் தானே வந்து ஒப்புவித்தல் வேண்டும். அதனை முடிக்க வேறொரு கணக்கன் புகுதல் கூடாது. ஒப்புவித்து நேர்மையன் எனக் காணப்பெற்ற பின்னரே அவன் மீண்டும் அப்பணிக்கு உரியவன்.

இதனைப் பொற்காலம் எனப் பாடுதல் வேண்டா. அவ்வவை பார்ப்பனர் அவை. கால் வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையில் வீடும், மறைக்கல்வியும் உடையவர்க்கே அங்கு இடம். ஏரி வெட்டிய கைகள் ஏரிக்கணக்கைக் கேட்டதில்லை. அந்த முறையின் கூர்மையைக் கொண்டு, அதன் வேலியைத் தள்ளுதலே தகும்.

இன்றைய சட்டம் வேலியைத் தள்ளியிருக்கின்றது. 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊரின் வாக்காளர் அனைவரையும் ஊரவையினர் ஆக்கிற்று. ஊர்த் திட்டம், வரவு செலவு, கணக்காய்வறிக்கை ஆகியவற்றுக்கு ஒப்புதல் தரும் உரிமை அவ்வவைக்கு உண்டு. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். பதினாயிரம் பேருக்கு மேற்பட்ட ஊரில் முந்நூறுபேர் அமர்ந்தாலன்றி அவை நிறைவுறாது. முந்நூறு பேர் அமர்கின்றனரா, முந்நூறு கையொப்பம் மட்டும் அமர்கின்றனவா என்பதை அவ்வவ்வூரார் அறிவர்!

வேலி போயிற்று, கூர்மையும் மழுங்கிற்று. கணக்காய்வாளர் தடை எழுப்புவர். விடை வருமுன் அலுவலர் மாறிப்போவார். தலைவரின் பருவம் முடியும். பின்வந்தவர், ‘இஃது எம் காலத்ததன்று’ என்பார். தடை தாளில் மூப்படையும். வேறொருவன் புகுந்து முடித்தல் கூடாது என்ற உத்தரமேரூர் நெறி அடைக்க முயன்ற ஓட்டை இதுவேயன்றோ?

வடக்கே இராசத்தானத்தில், 1994 திசம்பரில், கோட் கிரானா என்னும் சிற்றூரில் மசுதூர் கிசான் சக்தி சங்கட்டன் ஒரு மக்கள் அவை கூட்டிற்று. செலவுச் சீட்டுகளும் கூலிப்பட்டியலும் மக்கள் முன் உரக்கப் படிக்கப்பட்டன. வேலை செய்ததாக எழுதப்பட்டவரே எழுந்து, ‘அவ்வேலைக்கு யான் சென்றதில்லை’ என்றால் அதனினும் பெரிய சான்று ஏது? அவ்வியக்கத்தின் உந்துதலும் சேர்ந்தே 2005 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. தமிழ்நாடு 1997 இலேயே அத்தகைய சட்டம் ஒன்று இயற்றியது. அதே 2005 இல் வந்த நூறுநாள் வேலைச் சட்டம், குமுகக் கணக்காய்வை ஊரவையிடமே ஒப்படைத்தது. அவ்வேலைக்குச் சென்ற தாய்மார் பலர் இங்கு உள்ளீர். வருகைப் பட்டியலை ஒருமுறையேனும் படிக்கக் கேட்டீரா?

பழைய மாமல்லபுரச் சாலையோரம் அடுக்குமாடிகள் எழுந்தபின் இவ்வட்டாரத்து ஊராட்சிகளின் வரவு முன்போன்றதன்று. தெருவிளக்குக்கே திண்டாடிய காலத்துக் கணக்குப்பழக்கம் இன்றைய வரவுக்குப் போதாது. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து கையொப்பமிடுதல் சட்டம் வைத்த காவல். இருவரும் ஒருவரானால் காவல் எங்கே?

ஆகலின் வரும் ஊரவைக்குச் செல்வோர் மூன்றைக் கேட்க. கடந்த ஆண்டின் கணக்காய்வறிக்கையைத் தடை தடையாகத் தமிழில் படித்துக் காட்டுக என்க. ஒவ்வொரு தடைக்கும் உரிய செலவில் கையொப்பமிட்டவர் மாறிச் சென்றிருப்பினும் அவரே விடையெழுதும்படி மாவட்ட ஆட்சியர்க்கு எழுதுக என்க. வேலையெடுத்த ஒப்பந்தக்காரர்க்கும் பொறுப்பிலிருப்போர்க்கும் உறவுண்டா என்பதை ஏட்டிற் பதிக என்க. மறுத்தால், மறுத்ததையே அவைக்குறிப்பில் எழுதச் செய்து, அதன் படியைத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்டுப் பெறுக. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக்கொடுக்க, இப்பள்ளியில் பயின்ற இளைஞர் பத்துப்பேர் முன்வரலாம். முப்பது நாளில் விடை வந்தாதல் வேண்டும்.