ஆகாயம் எவருடையது?

செம்பூரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் நமக்கு, தலைக்கு மேல் விமானம் இரைவது புதிதன்று. அது பறக்கும் ஆகாயம் எவருடையது?

கடலைப் போல் ஆகாயமும் பொது என்று வாதித்த சட்ட நிபுணர்கள் ஒரு காலத்தில் இருந்தனர். முதல் உலக யுத்தம் அவ்வாதத்தை முடித்துவிட்டது. தன் நிலத்தின் மேலுள்ள ஆகாயத்தில் ஒவ்வோர் அரசுக்கும் 'முழுமையான, பிரத்தியேகமான' இறைமை உண்டென்று 1919-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை கூறிற்று. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அவ்விரண்டாம் அடைமொழியே கனமானதாகத் தோன்றுகிறது: அதில் பிறருக்குப் பங்கில்லை.

அதன் வலிமையைக் காட்டியது பாரசீகம். 1929-இல் தொடங்கிய இம்பீரியல் ஏர்வேஸின் லண்டன்–கராச்சித் தபால் விமானங்கள் பாரசீகக் கரையோரமாகவே வந்தன. பின்னர் அந்நாடு அனுமதியைத் தொடர மறுத்தது. அத்தனை பெரிய பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் வளைகுடாவின் எதிர்க்கரைக்கு ஒதுங்கி, ஷார்ஜா ஷேக்குக்கு வாடகை கொடுத்து இறங்குதளம் பெற்றது. 1932 அக்டோபரில் புதிய வழி திறந்தது.

அதே மாதம் 15-ஆம் தேதி, கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் ஜே. ஆர். டி. டாடா நமது ஜூஹூவில் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். கராச்சி முதல் சென்னை வரை அன்று எவரிடமும் அயல்நாட்டு அனுமதி கேட்க வேண்டியதில்லை. டில்லி ஆட்சியோ லண்டனுக்குக் கட்டுப்பட்டிருந்தது. 1947-இல் இறைமை நம்மிடம் வந்தது. அதனுடன், டாடா பறந்த அவ்வழியின் குறுக்கே எல்லையும் வந்தது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று தன் ஆகாயத்தை மூடின.