பொது உத்தியோகமும் சொந்த லாபமும்



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் பொது உத்தியோகமும் சொந்த லாபமும் என்பதாகும். கேட்பதற்கு இது ஏதோ வக்கீல்களுக்கு மாத்திரம் வேண்டிய சட்ட சங்கதி போல் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், நாம் கொடுக்கிற வரிப்பணம் கடைசியாக யார் வீட்டுக்குப் போய்ச் சேருகின்றது என்கிற கேள்வியே இதுவென்பது விளங்கும்.

லஞ்சம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காலணா லஞ்சம் வாங்காமலே ஊரைக் கெடுக்கவும் வழியிருக்கின்றது. ஊர்க்கிணறு வெட்டக் கண்ட்ராக்ட் விடுகிறவர் ஒருவர். எடுக்கிறவர் அவருடைய மைத்துனர். இதில் யாரும் யாருக்கும் மறைவில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கிணற்றில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் பில் பாஸாகிவிடும். ஒரு கை கொடுக்கின்றது, மறு கை வாங்குகின்றது. இரண்டு கையும் ஒரே உடம்பில் இருக்கும்போது கணக்குக் கேட்பது யார்?

இது இன்று நேற்று வந்த வியாதியல்ல. நம்முடைய சென்னைக் கோட்டையிலேயே நடந்ததைக் கேளுங்கள். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் பலர் ஆற்காட்டு நவாபு முகம்மதலிக்கு அதிக வட்டிக்குக் கடன் கொடுத்து வந்தார்கள். நவாபு கடனைத் தீர்ப்பதற்குத் தஞ்சாவூர் வருமானம் வேண்டியிருந்தது. 1773-ல் கம்பெனிப் பட்டாளமே போய்த் தஞ்சாவூரைப் பிடித்து நவாபுக்குக் கொடுத்தது. அதை ராஜாவுக்கே திருப்பிக் கொடுக்கும்படி லண்டனிலிருந்து உத்தரவாகி, கவர்னர் பிகட் துரை 1776-ல் அப்படியே செய்தார். உடனே பால் பென்பீல்டு என்கிற சாதாரணக் கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர், தஞ்சாவூர் வருமானத்தின் மேலும் நிலத்தில் நின்ற பயிரின் மேலும் தமக்கு 2,34,000 பவுன் வரையில் பாத்தியம் உண்டென்று கிளம்பினார்! சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்க்கக்கூடிய தொகையா இது?

இந்த வழக்கைத் தீர்க்க உட்கார்ந்த கவுன்சில் அங்கத்தினர்களிலும் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆகவே தகராறு முற்றி, 1776 ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் கவர்னரையே கைது செய்துவிட்டார்கள். அவர் காவலிலேயே 1777-ல் மாண்டார். பின்னால் கைது செய்தவர்களில் நான்கு பேருக்கு இங்கிலாந்தில் தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம் போடப்பட்டது. அவ்வளவுதான்! கவர்னர் உயிருக்கு விலை அது. தஞ்சாவூர்க் குடியானவனின் நெல்லுக்கு யார் என்ன அபராதம் கட்டினார்கள் என்று கேட்கின்றோம்.

"அது வெள்ளைக்கார வியாபாரிகள் காலம், இப்போது இருப்பவர்கள் யோக்கியர்கள், அவர்களைச் சந்தேகிக்கலாமா?" என்று சிலர் கேட்கின்றார்கள். இதற்கு நமது சுப்ரீம் கோர்ட்டே 1969-ல் பதில் சொல்லியிருக்கின்றது. காஷ்மீரத்தில் இந்திய வனச் சேவைக்கு ஆள் பொறுக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டியில் தற்காலிகத் தலைமை வன அதிகாரியும் ஒரு அங்கத்தினர். அவரே அந்த உத்தியோகத்துக்கு ஒரு உமேதுவாரும் ஆவார்! தம் பெயர் வந்தபோது மாத்திரம் அவர் எழுந்து வெளியே போனாராம். ஆனால் தம்மோடு போட்டியிட்டவர்களின் யோக்கியதையை அளந்தபோது உள்ளேயே இருந்தார். பட்டியல் வெளிவந்தபோது முதல் பெயர் அவருடையது. போட்டிக்காரர்கள் பெயர் அதில் இல்லை. கோர்ட்டு அந்தத் தேர்வை ரத்து செய்தது. அவர் உண்மையில் பட்சபாதம் காட்டினாரா என்று ஒருவர் மனதைப் பிளந்து பார்க்க முடியாது. பட்சபாதத்துக்கு நியாயமான இடமிருந்ததா என்று பார்த்தாலே போதும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் கருத்து.

தோழர்களே! இதுதான் விஷயத்தின் உயிர்நிலை. இப்படிப்பட்ட விதிகள் ஒருவனைத் திருடன் என்று சொல்வதற்கு ஏற்பட்டவையல்ல. யோக்கியனுக்கும் தன் பிள்ளை மேல் ஆசை உண்டு. அதனாலேயே, பரீட்சைக்குத் தன் பிள்ளை வந்தால் விடைத்தாளை வேறொருவரிடம் கொடுத்துவிடு என்கிறோம். அப்படிச் செய்தால் பிள்ளை தேறினாலும் யாரும் வாய் திறக்க முடியாது. ஆகவே விதி யோக்கியனுக்குத்தான் முதல் காவல்.

இப்பொழுது விதியே இல்லையென்று சொல்ல முடியாது. 1964-ம் வருஷத்து மத்திய சர்க்கார் நடத்தை விதிகளின்படி, ஒரு உத்தியோகஸ்தரின் குடும்பத்தார் வேலை செய்கிற கம்பெனியின் கண்ட்ராக்டு அவரிடம் வந்தால், அவர் அதைத் தொடாமல் மேலதிகாரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஆனால் மந்திரிகளுக்கோ வெறும் ஒழுக்க நெறி எழுதி வைத்திருக்கின்றார்கள், அது சட்டமல்ல. குமாஸ்தாவுக்குச் சட்டம், மந்திரிக்குப் புத்திமதி! பெரிய பூட்டு எந்தப் பெட்டிக்கு வேண்டும், காலணாப் பெட்டிக்கா, கஜானாவுக்கா?

மனிதர்களுக்கு மாத்திரமல்ல, இலாகாக்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் விமானங்களைச் சோதிக்க வேண்டிய சர்க்கார் இலாகா, அந்தச் சோதனை வேலையில் பெரும்பங்கைப் போயிங் கம்பெனிச் சிப்பந்திகளிடமே விட்டு வைத்திருந்தது. அவ்வாறு தேறிவந்த 737 மாக்ஸ் விமானங்கள் இரண்டு, 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் மாண்டார்கள். வேலியைப் பயிர் மேய்கிற மாட்டிடமே ஒப்படைத்தால் வேறென்ன நடக்கும்?

கடைசியாக நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். சங்கத்தின் அச்சு வேலையைக் காரியதரிசியின் தம்பி அச்சாபீசுக்கும், மாநாட்டுப் பந்தலைப் பொக்கிஷதாரின் மாமனாருக்கும் கொடுத்துவிட்டு, "நம்ம ஆள்தானே" என்று நாமும் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லையா? சர்க்காரைக் கேட்கிறவன் முதலில் தன் சங்கத்தைக் கேட்க வேண்டாமா?

ஆகையால் நாம் கேட்பது மூன்றே. பொதுக்காரியத்தில் உட்காருகிறவன் தன் சொத்தையும் சொந்தத்தையும் வெளியில் சொல்லட்டும். தன் சங்கதி வரும்போது எழுந்து போகட்டும். போகாவிட்டால் அந்தத் தீர்மானம் செல்லாமல் போகட்டும். இம்மூன்றையும் அடுத்த கூட்டத்திலேயே நமது சங்க விதிகளில் சேர்த்துவிட்டு, பிறகு சர்க்காரிடம் கேட்கப் போகலாம் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.