சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாட்கள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் இன்று பேசவிருக்கும் பொருளைப் பற்றி எந்த வகுப்பிலும் பேசியதில்லை. என் உடம்பைப் பற்றிப் பேசப் போகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 2022-ஆம் ஆண்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஆறு மாதம் கீமோ மருந்து. அல்லாஹ்வின் கிருபையால் சிகிச்சை முடிந்தது. முடிந்த அன்று நம் தெருவில் எல்லோரும் வந்து முஸாஃபஹா செய்து, "இனி ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்று வாழ்த்தினீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் உண்மையில் அன்றுதான் வேறொன்று தொடங்கியது. அதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்தபின் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஆறு மாதத்திற்கோ ஆண்டுக்கோ ஒருமுறை சி.டி. ஸ்கேன் என்று ஐந்து ஆண்டுகள் வரை செல்ல வேண்டும். பெருங்குடல் புற்றுநோய் திரும்புமானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும் என்பதால் தொடக்கத்தில் அடிக்கடி பார்க்கிறார்கள். மருத்துவர்களுக்கு இது வழக்கமான ஏற்பாடு. நோயாளிக்கோ அது ஒவ்வொரு முறையும் ஒரு வழக்கின் தீர்ப்பு நாள். தேதி குறித்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்த நாளிலிருந்தே உறக்கம் குறையத் தொடங்கும். ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்னர் வயிற்றில் சிறு வலி தோன்றினாலும் "வந்துவிட்டது" என்று மனம் சொல்லும். முடிவு வந்து, நன்றாக இருக்கிறது என்று அறிந்ததும் நான்கைந்து நாட்கள் பறவைபோல் இருப்போம். பிறகு அடுத்த தேதி நெருங்கும்.

அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் என்பவர், தமக்கு எலும்பில் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்ற பின்னர், 2011-இல் டைம் இதழில் இந்த அச்சத்திற்கு 'ஸ்கேன்சைட்டி' என்று ஒரு பெயரிட்டு எழுதினார். ஸ்கேனும் அச்சமும் சேர்ந்த சொல். அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டது. எங்கோ கடல் கடந்து வாழும் ஒருவருக்கும் உத்திரமேரூர்க்காரனுக்கும் ஒரே இரவில் ஒரே விதமாக உறக்கம் கெடுகிறது என்றால், இது என் ஈமானின் குறையன்று, நோயின் இயல்புகளில் ஒன்று என்று விளங்கியது.

ஈமானைப் பற்றி ஒரு சொல். என்னைப் பார்க்க வந்த அன்பர் ஒருவர், "தவக்குல் இருந்தால் பயம் வராது" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்று இரவு எனக்கு நோயின் பயத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனை எண்ணி எண்ணிக் கண்பார்வை மங்கும் அளவுக்குத் துயருற்றார்கள். அவர்களுடைய பொறுமையை நாம் அழகிய பொறுமை என்றுதான் சொல்கிறோம். துயரும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் தங்க இயலும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? நோயாளியைப் பார்க்கச் செல்வோர் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நமது மாவட்டத்தில் புற்றுநோயைப் பற்றிப் பேசினால் அறிஞர் அண்ணாவை நினைக்காமல் இருக்க முடியாது. காஞ்சிபுரத்தில் பிறந்த அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு, 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரின் மெமோரியல் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நவம்பரில் தாயகம் திரும்பினார். நாடே மகிழ்ந்தது. ஆனால் சில வாரங்களிலேயே நோய் மீண்டும் தலைகாட்டியது. 1969 பிப்ரவரி 3 அன்று சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார். அவர் நினைவாகக் காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் எழுந்த மருத்துவமனைக்குத்தான் நம் வட்டாரத்து ஏழை எளியோர் இன்றும் செல்கிறார்கள். அடையாறு மருத்துவமனையின் தொடக்கமும் ஒரு துயரத்திலிருந்தே வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்த நினைவு அவரை விடவில்லை. 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது.

அண்ணா காலத்தில் சி.டி. ஸ்கேன் என்பதே இல்லை. உலகில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது 1971 அக்டோபரில், லண்டனில். அதாவது அவர் மறைந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து. அதற்கு முன்னர் உள்ளே நோய் திரும்பியதா என்று அறிய பெரும்பாலும் எக்ஸ்ரேயும், மருத்துவரின் கையும், நோயாளியின் வேதனையுமே வழி. இன்று கடுகளவு கட்டியையும் கண்டுவிடுகிறார்கள். ஈரலில் ஓரிடத்தில் மட்டும் திரும்பிய நோயைச் சிலருக்கு வெட்டி எடுத்தே குணமாக்குகிறார்கள். சீக்கிரம் கண்டால்தான் அது முடியும். ஆகவே ஸ்கேனை நான் பகை என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்னோர் அறியாத ஒரு காத்திருப்பையும் அந்த இயந்திரம் நமக்குக் கொடுத்துவிட்டது என்பது உண்மை.

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். இரண்டாவது ஸ்கேனின் அறிக்கையை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மருத்துவரைப் பார்க்க ஐந்து நாட்கள் இருந்தன. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, உறையைப் பிரித்து நானே படித்தேன். ஆங்கிலம் தெரிந்தவன் அல்லவா! நுரையீரலில் நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு முடிச்சு, என்னவென்று உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று எழுதியிருந்தது. உத்திரமேரூர் பேருந்து வந்தது, போனது. அடுத்ததும் போனது. நான் எழுந்திருக்கவில்லை. அந்த ஐந்து நாட்களும் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. மனைவி பரிமாறிய உணவு தொண்டையில் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மருத்துவர் பழைய படங்களை எடுத்து ஒளிப்பெட்டியில் வைத்து ஒப்பிட்டார். அதே முடிச்சு, அதே அளவு, அறுவைக்கு முன் எடுத்த படத்திலும் இருந்தது. என்றோ வந்து ஆறிய சளித்தொற்றின் தழும்பாக இருக்கலாம் என்றார். நல்ல உடல்நலம் உள்ளவர்கள் பலருக்கும் இப்படிச் சிறு முடிச்சுகள் இருக்குமாம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஐந்து நாட்களைத் திருப்பித் தர யாரால் முடியும்?

அன்றிலிருந்து சிலவற்றை வழக்கமாக்கிக்கொண்டேன். பழைய படங்கள், குறுந்தகடுகள், அறிக்கைகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பையில் வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்காத ஸ்கேன் பாதி ஸ்கேன். மருத்துவரைச் சந்திக்கும் நாளை ஸ்கேன் நாளுக்கு அடுத்தோ, கூடியவரை அருகிலோ முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். உறையை நான் பிரிப்பதில்லை. ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற பொருளை அளக்கிறார்கள். அதை எப்போதும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதே நல்லது, ஏனெனில் கூடத்திற்குக் கூடம் அளவு சற்று மாறும். புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலேயே அது சிறிது கூடியிருக்கும். ஒரு முறை கூடியதைக் கண்டு உடைந்துவிட வேண்டாம், மருத்துவர்கள் மறுமுறை எடுத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

பெட் ஸ்கேன் எழுதிக் கொடுக்கப்படுவோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். சர்க்கரையோடு சிறிது கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசியில் ஏற்றுவார்கள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் படத்தில் ஒளிரும். புற்றுநோய் ஒளிரும் என்பது சரி, ஆனால் காசநோயும் ஒளிரும், வேறு தொற்றும் ஒளிரும், அண்மையில் ஆறிய புண்ணும் ஒளிரும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் என்று கொள்வதற்கில்லை. சர்க்கரை நோயாளிகள் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்னதாகவே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். எடுத்த பிறகு சில மணி நேரம் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் விட்டுத் தள்ளி இருக்கச் சொல்வார்கள். பேரக்குழந்தை ஓடி வந்து மடியில் ஏறும் வீடுகளில் இது எளிதன்று, முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ரமளானில் தேதி விழுந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை என்னவென்று ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பது உலகறிந்த செய்தி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடத்தில் ஓலைகளைப் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லிச் சபைக்கு ஆள் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. எத்தனையோ முறை மாணவர்களை அழைத்துச் சென்று காட்டியிருக்கிறேன். ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்தக் குடம்தான் நினைவுக்கு வரும். எந்த ஓலை வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் ஆசிரியப் புத்தி விழித்துக்கொண்டது. இது குடவோலை அன்று. உள்ளே இருப்பது நேற்றே இருக்கிறது, அல்லது நேற்றே இல்லை. இயந்திரம் அதைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவே. ஸ்கேனுக்குப் போகாமல் இருந்தால் ஓலை மாறிவிடப் போவதில்லை. பயத்தால் தேதியைத் தள்ளிக்கொண்டே போனவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவரின் ஜனாஸாவில் நாம் எல்லோரும் நின்றோம். அதற்குமேல் சொல்ல விரும்பவில்லை.

இந்த அச்சத்திற்கென்றே சிகிச்சை முறைகள் உள்ளன. ஆஸ்திரேலியாவில் சிகிச்சை முடித்த 222 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு உடலைத் தளர்த்தி ஓய்வு கொள்ளும் பயிற்சி. மற்றவர்களுக்கு ஐந்து அமர்வுகளில் வேறொரு பயிற்சி: கவலையை அடக்க முயலாமல், கவனத்தை எங்கே வைப்பது என்பதைப் பழகுதல், உடம்பை ஓயாமல் தடவிப் பார்ப்பதைக் குறைத்தல், எதற்காக வாழ்கிறோம் என்பதைத் தெளிந்து அதில் நாளைச் செலவிடுதல். இரண்டாம் சாராருக்கே அச்சம் அதிகமாகக் குறைந்தது. அச்சம் அடியோடு ஒழிந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை பிறந்தது. நானும் கவலைக்கு அஸர் தொழுகைக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு வரும் கவலையிடம், "நாளை அஸருக்குப் பின் வா" என்று சொல்லிப் பழகுகிறேன். சில இரவுகளில் கேட்கிறது, சில இரவுகளில் கேட்பதில்லை.

இரு வாரங்களுக்கு மேல் உறக்கமும் உணவும் இல்லாதவர்கள், வாழ்வே வேண்டாம் என்று எண்ணுகிறவர்கள் தாமதிக்காமல் மனநல மருத்துவரை நாட வேண்டும். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

ஜமாஅத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் மஹல்லாவில் என்னைப் போல் தேதி பார்த்து வாழ்பவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்களில் தாய்மார்களும் உண்டு. அவர்கள் வெளியே சொல்வதில்லை. காரைப்பேட்டைக்கோ செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ போகும் நாளில் துணைக்கு ஓர் ஆள், போய்வர ஒரு வண்டி, இவ்விரண்டுக்கும் பைத்துல்மாலிலிருந்து ஒரு சிறு ஒதுக்கீடு செய்ய இயலுமா என்று நிர்வாகிகள் ஆலோசிக்க வேண்டுகிறேன். பெண்களுக்குப் பெண்களே துணையாகச் செல்ல ஏற்பாடு வேண்டும். பெயர்கள் பலகையில் எழுதப்படக் கூடாது.

மற்றொன்று சிறியது. ஸ்கேன் எடுத்த அன்று மாலையே, "ரிசல்ட் என்ன ஆச்சு?" என்று தொலைபேசியில் கேட்காதீர்கள். அன்பினால் கேட்கிறீர்கள், அறிவேன். ஆனால் பத்துப் பேருக்குப் "இன்னும் வரவில்லை" என்று பதில் சொல்லும்போது பத்து முறை அந்த உறை கண்முன் வருகிறது. துஆச் செய்யுங்கள். வீட்டுக்கு வந்து ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று பேசுங்கள், நெல் விலை பேசுங்கள்.

வரும் புதன்கிழமை எனக்கு அடுத்த ஸ்கேன். வியாழன் காலை மருத்துவரைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி வண்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு, இன்ஷா அல்லாஹ், வழக்கம்போல் இரண்டாவது ஸஃப்பில் இருப்பேன். முடிவு எதுவானாலும் அங்கே நானே சொல்கிறேன்.

வஸ்ஸலாம்.