பச்சை அட்டையும் பயண நாட்களும்



நம் காலனியில் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வாழும் பெற்றோர் பலர். அவர்களுள் சிலர், தம் மக்கள் விண்ணப்பித்ததன் பயனாக அங்கு நிரந்தரவாச உரிமை பெற்று, கிரீன் கார்டு என்னும் பச்சை அட்டையுடன் இரு நாட்டுக்கும் போய் வருகின்றனர். அவர்தம் பொருட்டுச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

ரயில்வே குமாஸ்தாவாகிய எமக்கு ஒன்று நன்கு தெரியும். டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதற்குரிய நாளும் தவறாதிருத்தல் வேண்டும். பச்சை அட்டையும் அத்தகையதே. அட்டையில் 10 ஆண்டுக் கெடு பொறித்திருப்பினும், ஓராண்டோ அதற்கு மேலோ அமெரிக்காவுக்கு வெளியே தங்கிவிட்டால், திரும்பி நுழைய அவ்வட்டை மட்டும் உதவாது. 180 நாட்களைத் தாண்டினாலே, புதிதாக நுழைவு கோருபவர்போல் கருதி அதிகாரிகள் விசாரிக்கலாம். ஆண்டுக்கொரு முறை தலைகாட்டி மீள்வதும் முழுக் காப்பு அன்று. அங்கே நிலையான இல்லம் உண்டா, வருமான வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்றெல்லாம் வினவுவர்.

நெடுநாள் இங்குத் தங்க நேரும் என்று முன்னரே அறிந்தோர், அமெரிக்காவில் இருக்கும்போதே ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்தல் வேண்டும். பெரும்பாலும் அது 2 ஆண்டு வரை செல்லும். இங்கு வந்தபின் அதற்கு விண்ணப்பிக்க வழியில்லை. கடும் பிணி போன்ற, தம் கையில் இல்லாத காரணத்தால் காலம் கடந்தோர், அமெரிக்கத் தூதரகத்தில் எஸ்.பி-1 என்னும் விசாவைக் கோரலாம். அதற்கு ஆதாரம் வேண்டும்; ஆகவே மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துக.

விமான நிலையத்தில் ஐ-407 படிவத்தை நீட்டி, உரிமையைத் துறப்பதாகக் கையொப்பமிடச் சொன்னால், அஞ்சி ஒப்பமிட வேண்டா. அது மனமுவந்து இடவேண்டிய ஒப்பம். மறுப்போர்க்குக் குடிவரவு நீதிபதியின் முன் வழக்குரைக்கும் உரிமை உண்டு.

இறுதியாக ஒன்று. அட்டையைக் காப்பதற்காகவே, உடல் ஒத்துழையாத முதுமையிலும் கடல் கடந்து அலைவோர் உளர். பேரப் பிள்ளைகளின் முகம் காண்பது மட்டுமே நோக்கமாயின், உரிமையை முறைப்படி ஒப்படைத்து, விருந்தினர் விசாவுக்கு விண்ணப்பிப்பதும் ஒரு வழியே. அவ்விசா கிடைத்தல் உறுதியன்று என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நும் இல்லம் எங்கே என்று அதிகாரி கேட்குமுன், கணவனும் மனைவியும் அமர்ந்து அவ்வினாவுக்குத் தாமே விடை கண்டுகொள்வார்களாக.