தூதர் கணக்கும் டான் ஸ்டர்ஜஸின் சாவும்

(கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடைக்கலம் தேடிப் போனவர்களை அரசுகள் அயல்மண்ணில் நஞ்சு வைத்துக் கொல்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. சர்வதேச அரசியலைப் பாடமாகப் படித்தவனில்லை. ஆனா பேரேடு பாத்துப் பழகின கண்ணு இது. எதை எந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள், யாரைப் பேரேட்டிலேயே ஏத்தாம விட்டுடறாங்க என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

1978 செப்டம்பர் 7. லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே பஸ்ஸுக்காக நின்றிருந்தார் கியோர்கி மார்கோவ். பல்கேரிய எழுத்தாளர். 1969இல் நாட்டைவிட்டு வெளியேறி, வானொலி வழியாகத் தன் நாட்டு ஆட்சியாளர்களை அம்பலப்படுத்திக்கொண்டிருந்தவர். வலது தொடையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. திரும்பிப் பார்த்தால் ஒருவன் கீழே விழுந்த குடையை எடுத்துக்கொண்டு போகிறான். நாலாம் நாள் மார்கோவ் இறந்துபோனார். உடலுக்குள் குண்டூசித் தலையளவு உலோகக் குண்டு ஒன்று இருந்தது. அதில் வைத்திருந்தது ரிசின் என்று நிபுணர்கள் கருதினார்கள். வேறொன்றுமில்லை, ஆமணக்கு விதையில இருக்கிற நஞ்சுதான். இந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. காலம் கடந்துவிட்டது என்று சொல்லி 2013இல் பல்கேரியா விசாரணையை மூடிவிட்டது.

துப்பாக்கி இருக்கும்போது நஞ்சு எதற்கு? நஞ்சுக்கு ரெண்டு நாக்கு இருக்கு தோழர்களே. உலகத்தைப் பார்த்து, "எங்களுக்குத் தெரியாது, ஆதாரம் எங்கே" என்று கேட்கும். ஓடிப்போன மற்றவர்களைப் பார்த்து, "எங்க போனாலும் எங்க கை வரும்" என்று சொல்லும். மறுப்பும் மிரட்டலும் ஒரே சொட்டில்.

அடுத்தது அலெக்சாண்டர் லித்வினென்கோ. ரஷ்ய உளவுத்துறையான எஃப்எஸ்பியில் அதிகாரியாக இருந்து, அதையே எதிர்த்துப் பேசி, 2000இல் பிரிட்டனுக்குத் தப்பி வந்தவர். 2006 நவம்பர் 1 அன்று லண்டன் ஓட்டல் ஒன்றில் அவர் குடித்த பச்சைத் தேநீரில் பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. நவம்பர் 23இல் இறந்தார். ஆந்திரேய் லுகோவோய் என்பவரை ஒப்படைக்கும்படி பிரிட்டன் கேட்டது. எங்கள் குடிமகனை அனுப்ப எங்கள் அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றது ரஷ்யா. 2007 ஜூலையில் பிரிட்டன் 4 ரஷ்யத் தூதரக அதிகாரிகளை வெளியேற்றியது. பதிலுக்கு ரஷ்யாவும் 4 பேரை வெளியேற்றியது. நாலுக்கு நாலு, கணக்கு நேர். அந்த டிசம்பரிலேயே லுகோவோய் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் ஆகிவிட்டார்.

இந்த 'வெளியேற்றம்' என்ன என்று கொஞ்சம் பார்க்கணும். 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, எந்த நாடும் தன் மண்ணிலுள்ள அயல்நாட்டுத் தூதரை எப்போது வேண்டுமானாலும் 'ஏற்கத்தகாதவர்' என்று அறிவிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. இதில் குற்றச்சாட்டு கிடையாது, சாட்சி கிடையாது, தீர்ப்பும் கிடையாது. போகிறவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறுவார். வேறொரு நாட்டில் வேறொரு நாற்காலி அவருக்குக் கிடைக்கும். செத்தவருக்கு இதனால் ஆனது ஒன்றுமில்லை.

2018 மார்ச் 4. சாலிஸ்பரி நகரம். பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலைசெய்த முன்னாள் ரஷ்ய ராணுவ உளவு அதிகாரி செர்கேய் ஸ்கிரிபாலும் அவரைப் பார்க்க வந்திருந்த மகள் யூலியாவும் ஒரு பெஞ்சில் சுயநினைவின்றிக் கிடந்தார்கள். வீட்டு வாசல் கைப்பிடியில் நோவிச்சோக் என்ற நரம்பு நஞ்சு பூசப்பட்டிருந்தது. இருவரும் பிழைத்தார்கள். பிரிட்டன் 23 பேரை வெளியேற்றியது. ரஷ்யாவும் 23. அமெரிக்கா 60 பேரை வெளியேற்றி சியாட்டில் துணைத்தூதரகத்தை மூடியது. ரஷ்யாவும் 60 பேரை வெளியேற்றி, பீட்டர்ஸ்பர்கில் அமெரிக்கத் துணைத்தூதரகத்தை மூடியது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துகொண்டன. மொத்தத்தில் 150 ரஷ்ய அதிகாரிகளுக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். எல்லாமே மார்ச், ஏப்ரலோடு முடிந்தது.

தாக்க வந்தவர்கள் வீசிவிட்டுப் போன நஞ்சுக் குப்பி மட்டும் அங்கேயே கிடந்தது. வாசனைத் திரவியக் குப்பி மாதிரி செய்யப்பட்டது. அது சார்லி ரௌலி என்பவர் கையில் கிடைக்க, தன் துணைவி டான் ஸ்டர்ஜஸுக்குக் கொடுத்தார். டானுக்கு வயது 44. மூன்று பிள்ளைகளின் தாய். வீடில்லாதவர்களுக்கான விடுதியில் தங்கியிருந்தவர். ஜூன் 30 அன்று அதை மணிக்கட்டில் தெளித்துக்கொண்டார். ஜூலை 8இல் இறந்தார். ரௌலி பிழைத்துக்கொண்டார்.

அவங்க விழுந்தப்போ முதல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? கெட்டுப்போன போதைப்பொருளைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்றது காவல்துறை. டானைப் போதைப்பழக்கக்காரர் என்று தவறாக முத்திரை குத்தியதற்காக 2024இல் பொது விசாரணையில் அதே காவல்துறை மன்னிப்பு கேட்டது. ஏழையின் உடம்பு துடிக்கும்போது அதிகாரத்தின் கண் முதலில் தேடுவது நோயை அல்ல, அந்த ஏழையின் குற்றத்தைத்தான்.

உளவாளி உயிர் பிழைத்ததற்கு 150 தூதர்கள் பெட்டி கட்டினார்கள். இந்தத் தாய் செத்தபோது அப்படி ஒரு அலை எழவில்லை. உலகக் கோப்பைக் கால்பந்து அப்போது ரஷ்யாவில் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் அமைச்சர்கள் அதைப் புறக்கணித்திருந்தார்கள். ஆனால் டான் இறந்த மூன்றாம் நாள் இங்கிலாந்து அணி மாஸ்கோவில் அரையிறுதி ஆடியது.

சில தோழர்கள் கேக்குறாங்க: "லித்வினென்கோவும் ஸ்கிரிபாலும் உளவுக்காரங்கதானே, அவங்களுக்காக நாம எதுக்கு அழணும்?" அழ வேண்டாம். ஆனால் ரகசியமாகக் கொல்லும் உரிமையை ஓர் அரசுக்கு விட்டுக்கொடுத்தால், அந்தக் குப்பி யார் கையில் போய்ச் சேரும் என்று அந்த அரசுக்கே தெரியாது. அடைக்கலம் தந்த அரசும் சுத்தமில்லை. லித்வினென்கோ சாவுக்குப் பொது விசாரணை வேண்டும் என்று அவர் மனைவி மரினா போராடினார். 2013இல் பிரிட்டிஷ் அரசு மறுத்தது. சர்வதேச உறவுகளும் அதற்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டவர் அன்றைய உள்துறைச் செயலர் தெரசா மே. பின்னால் பிரதமராகி 23 பேரை வெளியேற்றியவரும் அவரேதான். மரினா நீதிமன்றம் போனார். 2014 பிப்ரவரியில் மறுபரிசீலனை செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஜூலை 17இல் மலேசிய விமானம் உக்ரைன் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. ஜூலை 22இல் விசாரணை அறிவிக்கப்பட்டது. காற்று திசை மாறினால்தான் நீதிக் கதவு திறக்கிறது.

2016 ஜனவரியில் வந்த அறிக்கை, லித்வினென்கோ கொலைக்கு புடின் அனேகமாக ஒப்புதல் தந்திருப்பார் என்றது. 2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவே பொறுப்பு என்றது. டான் விஷயத்திலும், ரஷ்ய அரசின் பொறுப்புவரை போகத் தேவையில்லை என்று முதலில் அதிகாரி ஒருவர் முடிவெடுத்தார். குடும்பத்தார் வழக்குப் போட்டு 2020இல் அதை உடைத்தார்கள். 2025 டிசம்பரில் வந்த விசாரணை அறிக்கை, அந்தச் சாவுக்கு புடின் தார்மீகப் பொறுப்பு என்றது. ரஷ்ய ராணுவ உளவு அமைப்பு முழுவதன்மீதும் பிரிட்டன் தடை விதித்தது. ரஷ்யா எல்லாவற்றையும் மறுத்தே வருகிறது.

இந்த உண்மைகளைத் தூதரகங்கள் தானாகக் கொண்டுவந்து தரவில்லை. ஒரு விதவையும் ஒரு குடும்பமும் தங்கள் சொந்த அரசின் கதவை இடித்து வாங்கினார்கள். அதனால், 'பதிலடி' என்று செய்தித்தாளில் வரும்போது எத்தனை தூதர் என்று எண்ணிவிட்டு நிறுத்தாதீர்கள். செத்தது யார், அவர்கள் வீட்டாருக்கு விசாரணை கிடைத்ததா, எத்தனை வருஷம் ஆச்சு என்று கேளுங்கள். தூதர் கணக்கு சில வாரத்தில் நேராகிவிடுகிறது. மரினாவுக்கு ஓர் அறிக்கை வர 9 வருஷம் ஆனது. டான் வீட்டாருக்கு 7 வருஷம். மார்கோவுக்கு 35 வருஷம் கழித்துக் கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள்.