காருக்குள் ஓம் கணக்கு



நம் நெல்லைச் சீமையிலே கொடை விழா என்றால் வில்லுப்பாட்டுக் குழுவினருக்கும் முன்னதாக ஊருக்குள் வந்து சேர்பவர் மைக் செட்டுக்காரர். வேப்ப மரத்திலும் பனையிலும் ஏறிக் குழாய் கட்டிவிட்டு, அவர் தம் பெருக்கியின் முன் அமர்ந்து கம்பிகளைப் பூட்டும்போது மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். குழாயின் பின்புறம் திருகப்படும் யூனிட் பெரும்பாலும் 16 ஓம். இரண்டு யூனிட்டுகளைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 8 ஓம். நான்கைச் சேர்த்தால் 4 ஓம். பெருக்கியின் பின்னால் 4, 8, 16 என்று எழுதிய முனைகள் இருக்கும்; எதற்கு எது பொருந்துமோ அதில் பூட்டுவார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கூட இந்தக் கணக்கில் பிசகுவதில்லை. வகுப்பறையில் மின்சாரப் பாடம் நடத்திய காலத்தில் நான் அவர்களையே உதாரணமாகக் காட்டுவதுண்டு.

அதே கணக்கு இப்போது காருக்குள் புகுந்திருக்கிறது. இளைஞர்கள் தம் வண்டியின் பின்பகுதியில் சப்வூபர் என்னும் தாழ்சுர ஒலிபெருக்கியைப் பெட்டியோடு பொருத்துகிறார்கள். அதற்கென்று தனிப் பெருக்கி. இந்த ஒலிபெருக்கிகளுள் பலவற்றில் ஒரே கூம்பின் அடியில் இரண்டு கம்பிச்சுருள்கள் உண்டு. சுருள் ஒவ்வொன்றும் 4 ஓம் என்று கொள்வோம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் சேர்த்தால் 8 ஓம். பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம். அத்தகைய ஒலிபெருக்கி இரண்டு இருந்து, நான்கு சுருள்களையும் பக்க இணைப்பாக்கினால் 1 ஓம். எங்கே நிறுத்திக்கொள்வது என்பதுதான் கேள்வி.

ஓம் என்பது ஓர் ஆசிரியரின் பெயர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஜார்ஜ் சைமன் ஓம், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை 1827-இல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் உடனே மதிப்புக் கிட்டவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்தது. மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுற்று காட்டும் முழு எதிர்ப்பை, தடையினின்று பிரித்து, மின்னெதிர்ப்பு என்ற கருத்தாகப் பெயரிட்டவர் ஆலிவர் ஹெவிசைட், ஆண்டு 1886. ஒலிபெருக்கியின் மேல் எழுதியிருக்கும் ஓம், இந்த மின்னெதிர்ப்பே. அதுவும் நிலையான எண் அன்று. 4 ஓம் என்று பெயர் பெற்ற சப்வூபர், தன் கூம்பு இயல்பாக ஒத்ததிரும் சுரத்தில் 20 ஓமுக்கும் மேலே போவதுண்டு. எழுதிய எண்ணை ஒரு பேரளவாகக் கொள்ள வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ளத் தாமிரபரணிப் பாசனமே போதும். கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ ஒரு கரையை எண்ணிப் பாருங்கள். ஒரு மடை திறந்தால் ஒரு பங்கு நீர் பாயும். அதே கரையில் அருகிலே அதே அளவான மற்றொரு மடையும் திறந்தால் இரு பங்கு பாயும். தண்ணீருக்குத் தடை பாதியாயிற்று. இது பக்க இணைப்பு. ஒரே வாய்க்காலில் ஒரு குறுகலான மடையைக் கடந்த நீர், அடுத்தும் ஒரு குறுகலான மடையைக் கடக்க வேண்டுமென்றால் பாய்ச்சல் குறையும், இது தொடரிணைப்பு. ஆனால் கால்வாய் தரக்கூடிய நீருக்கு ஓர் எல்லை உண்டல்லவா? மடைகளைத் திறந்துகொண்டே போனால் கரை அரிக்கும். கால்வாயின் இடத்தில் இங்கே இருப்பது பெருக்கி.

எண்ணில் சொல்கிறேன். ஒரு பெருக்கி 20 வோல்ட் வெளியிடுகிறது. 4 ஓம் கொடுத்தால் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓம் கொடுத்தால் 10 ஆம்பியர், 200 வாட். 1 ஓம் கொடுத்தால் 20 ஆம்பியர், 400 வாட். இந்தக் கடைசி எண்ணைக் கண்டுதான் நம் பிள்ளைகள் மயங்குகிறார்கள்.

மயங்கக் காரணமில்லை. வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காது கூர்ந்து கேட்டால் ‘சற்றுக் கூடியிருக்கிறது’ என்று சொல்லும், அவ்வளவே. ஒலி இரு மடங்காயிற்று என்று நமக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. மின்னோட்டமோ ஒவ்வொரு படியிலும் நேராக இரட்டிக்கிறது. அதனுடன் பெருக்கியின் டிரான்சிஸ்டர்கள் தாங்கவேண்டிய சூடும் ஏறுகிறது. பாட்டரியிலிருந்து வரும் கம்பியும் சுடுகிறது. 400 வாட் ஒலிக்கு, திறமான பெருக்கியாயினும், பாட்டரியிலிருந்து 35 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய அமைப்பாயின் 50-ஐயும் தாண்டும்.

என்னை மாமா என்றழைக்கும் உறவுக்கார இளைஞர் ஒருவர், ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு பாபநாசம் போய்க்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் இரண்டு சிறு பிள்ளைகள். அம்பாசமுத்திரம் தாண்டியதும் காலடி விரிப்பின் கீழிருந்து கருகல் வாடை எழுந்தது. நிறுத்திப் பார்த்தால் கம்பியின் மேலுறை உருகி இளகியிருந்தது. நல்லவேளையாகப் பாட்டரி முனையை உடனே கழற்றிவிட்டார். நடந்தது இதுதான்: 2 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அச்சிட்ட பெருக்கிக்கு, பொருத்தியவர்கள் நான்கு சுருள்களையும் பக்க இணைப்பாக்கி 1 ஓம் கொடுத்திருந்தார்கள். பியூஸ் அடிக்கடி போயிற்று. போகாமலிருக்கப் பெரிய பியூஸ் வைத்தார்கள். பியூஸ் தாங்கியது, கம்பி தாங்கவில்லை.

“ஓம் குறைந்தால் சத்தம் கூடும் என்கிறார்களே மாமா, மெய்தானா?” என்று கேட்டார்.

“மெய்தான் மருமகனே, பெருக்கி அதைத் தாங்குமானால்” என்றேன்.

அதே இரண்டு ஒலிபெருக்கிகளை வேறு விதமாகப் பூட்டச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் உள்ள இரு சுருள்களைத் தொடரிணைப்பாக்கினால் ஒன்று 8 ஓம். அப்படியான இரண்டைப் பக்க இணைப்பாக்கினால் 4 ஓம். புதுப் பொருள் ஒன்றும் வாங்கவில்லை. புதுக் கம்பி மட்டும் தடிமனாக இட்டார்கள். ஒலி குறைந்ததாக அவர் வீட்டில் எவரும் முறையிடவில்லை.

இங்கே பழைய மைக் செட்டுக்காரர் சொல்லும் ‘பொருத்தம்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வால்வு பெருக்கிகளின் வெளிமுனையில் ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. அங்கே 8 ஓம் முனைக்கு 8 ஓமே வேண்டும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. ஒலிபெருக்கியே பூட்டாமல் ஓட்டினால் இன்னும் கேடு. இன்றைய டிரான்சிஸ்டர் பெருக்கி அப்படியன்று. அதற்குப் பொருத்தம் என்பது ஒரு கீழ் எல்லை. அதற்கு மேல் எத்தனை ஓம் இருந்தாலும் வாட் குறையுமே தவிர, பெருக்கிக்கு ஊறில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘4 ஓம் எழுதிய பெருக்கியில் 8 ஓம் பூட்டினால் எரிந்துவிடும்’ என்று அஞ்சுவோரை இன்றும் காண்கிறேன்.

இரு வழிப் பெருக்கியின் இரு வழிகளையும் ஒன்றாக்கி ஒரே ஒலிபெருக்கிக்கு ஓட்டுவதும் வழக்கம். அப்போது ஒவ்வொரு வழியும் பாதி ஓமையே காணும். தனித்தனியே 2 ஓம் தாங்குவது, ஒன்றாக்கினால் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. பெருக்கியின் மேல் இதைப் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள்.

பூட்டி முடித்தபின், பெருக்கியில் செருகுமுன், மல்டிமீட்டரை வைத்து அளக்கலாம். மீட்டர் கம்பியின் தடையை மட்டுமே காட்டுமாகையால் 4 ஓம் என்பது 3.2 முதல் 3.6 வரை தெரியும், அது குறையன்று. 1-க்கும் கீழே காட்டினால் நிறுத்துங்கள். பின் ஒரு டார்ச் செல்லை ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். செல்லின் நேர்முனை சிவப்பு முனையில் பட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒரு சுருள் தள்ள, மற்றது இழுக்குமானால் முனை மாறியிருக்கிறது. அந்த நிலையில் ஓட்டினால் தாழ்சுரம் மறைந்துபோகும், சுருள் மட்டும் சுடும். பியூஸைப் பாட்டரிக்கு அருகிலேயே, 45 சென்டிமீட்டருக்குள் வைக்க வேண்டும். அதன் அளவைக் கம்பியின் தடிமனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்; அது ஒருமுறை போனால் காரணத்தைக் கண்டபின்பே, அதே அளவில் மற்றொன்றை இட வேண்டும்.